கையில்லாத மேஜிக்காரர்

அவர் என்னிடம் முதன்முதலாக மரியாதையாகப் பேசியது ஒரு காலை நேரத்தில். காப்பி டம்ளரைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க. நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்டார்.

நான் அவர் மனைவி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை 'ஏ புள்ள' என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பக்கத்தில் யாரிடம் பேசினாலும் வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுவோம். கட்டின பெண்டாட்டிக்கு மட்டும் அது கிடையாது. நான் அதைக் குறையாக நினைத்ததில்லை. வெளி ஆளுக்குத்தானே மரியாதை, நான் வீட்டு ஆள் என்று இருந்தேன். அன்றைக்கு அந்த 'ங்க' வந்து விழுந்ததும் விளையாடுகிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாடும்போது அவருக்கு ஒரு புருவம் மட்டும் மேலே ஏறும். ஏறவில்லை.

"துடியலூருங்க," என்றேன்.

"அட, நம்மூருதானுங்களா. எங்க ஊடும் இங்கதானுங்க, மெயின் ரோட்டுல இருந்து உள்ள வரோணும்," என்றார். அந்த வீட்டுக்குள்தான் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

மறதி நோய் என்று டாக்டர் சொல்லி அதற்கு முன்பே வெகுநாள் ஆகியிருந்தது. சாவி, செருப்பு, பால்காரர் என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு வந்தார். என் முறையும் வரும் என்று தெரியும். எல்லாவற்றுக்கும் கடைசியில் வரும் என்று நினைத்திருந்தேன். ஆனால் மகளைத் தெரிந்தது. அவள் ஞாயிற்றுக்கிழமை கருமத்தம்பட்டியிலிருந்து வந்தால், "வா கண்ணு, தறி ஓடுதா?" என்று கேட்பார். அவள் வீட்டுக்காரருக்கு விசைத்தறி என்பதுகூட நினைவில் இருந்தது. என்னைத்தான் தெரியவில்லை. பெண்டாட்டி என்று ஒருத்தி இருக்கிறாள் என்பது தெரியும். அவர் நினைப்பில் அவள் சின்ன வயசுக்காரி. எங்கேயோ போயிருக்கிறாள். நான் வீட்டோடு வந்து வேலை செய்கிற யாரோ ஒரு அக்கா.

அவர் மில்லில் வேலை பார்த்தவர். அதோடு மேஜிக் ஷோ போடுவார். அன்னூரில், சுற்றியுள்ள ஊர்களில் கோவில் நோம்பி, திருவிழா என்றால் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கும் போவார். வித்தைக்காரர் என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சுருங்கிவிடும். பாம்பும் கீரியும் வைத்துக்கொண்டு தெருவில் உட்காருகிறவன் வித்தைக்காரன், நான் கோட்டுப் போட்டு மேடையில் நிற்கிறவன் என்பார்.

நானோ பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தாலும் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிறவள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. அப்படிப்பட்டவளை அவர் மேடைக்குக் கூட்டிப் போனார். அவரோடு வந்துகொண்டிருந்த நாடகக்காரப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பெட்டி அயிட்டத்துக்கு ஆள் இல்லை. "நீ மேடையில நிக்கவே வேண்டாம் புள்ள. பொட்டிக்குள்ள போயிட்டாப் போதும். அப்பறம் ஒருத்தரும் உன்னயப் பாக்க மாட்டாங்க," என்றார். ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள் என்றதால்தான் ஒத்துக்கொண்டேன்.

கோட்டைமேட்டில் ஒரு பாய் செய்துகொடுத்த மரப்பெட்டி அது. ஆள் உயரம் இருக்கும். ஜிகினாச் சேலை கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தபடி உள்ளே போவேன். கதவைச் சாத்திச் சிவப்புத் துணியால் மூடுவார். கோலால் தட்டித் திறந்தால் நான் இருக்க மாட்டேன். மறுபடி மூடித் திறந்தால் இருப்பேன். சேலை நீளம், பெட்டிப் படி உயரம் என்பதால் நான் இறங்கும்போது கை கொடுப்பார். பத்துப் பேர் முன்னால் அவர் என் கையைப் பிடித்தது அந்த இடத்தில் மட்டும்தான். எப்படி மறைந்தேன் என்பது அவருக்கும் எனக்கும் அந்தப் பாய்க்கும் எனக்கு முன்பு இருந்த நாடகக்காரப் பெண்ணுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. பெற்ற மகள் அழுது கேட்டும் சொன்னதில்லை.

நோய் வந்த பிறகு சாயங்காலம் ஆனால் அவருக்கு ஷோவுக்குப் போகிற நினைப்பு வந்துவிடும். சட்டையை மாட்டிக்கொண்டு, "வண்டி வந்துருச்சுங்களா?" என்று என்னைக் கேட்பார். வண்டி இல்லை என்றால் நடந்தே கிளம்புவார். ஒருநாள் மேட்டுப்பாளையம் ரோட்டின் நடுவில் நின்றுகொண்டு வருகிற பஸ்ஸையெல்லாம் கையைக் காட்டி நிறுத்தியிருக்கிறார். தெருமுனைப் பூக்காரம்மா கூட்டிவந்து விட்டாள். அன்றிரவு மகளுக்குப் போன் செய்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து என் செல்போனில் என்னவோ ஏற்றினாள்.

"அம்மா, இதுக்குப் பேரு ஏஐ. எந்த வேஷம் போடச் சொன்னாலும் போடும். மேஜிக் பண்றவரா இருன்னு சொன்னா அப்படியே பேசும்."

"பேசி என்ன கண்ணு பண்றது? மேஜிக்கு கையிலல்ல இருக்குது."

"அப்பாவுக்குக் காதுல உழுந்தாப் போதும்மா. ரோட்டுக்கு ஓடாம உக்காந்தாப் போதும்."

சாயங்காலம் அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். எதிரில் ஸ்டூல் போட்டு அதன்மேல் செல்போனை ஒரு சொம்பில் சாய்த்து நிற்க வைத்தாள். குனிந்து அதனிடம், "நீங்க ஒரு மேஜிக் கலைஞர். இப்ப மேடையில நிக்கறீங்க. எங்கப்பா முன்வரிசையில உக்காந்துட்டு இருக்கறாங்க. ஷோவை ஆரம்பிங்க," என்றாள்.

"பெருமதிப்பிற்குரிய பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஐயா அவர்களே," என்று ஒரு ஆண் குரல் ஆரம்பித்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைப் பித்தானைச் சரிசெய்துகொண்டார்.

"ஆரு இவன், புதுசா இருக்கறான்?" என்று மகளிடம் கிசுகிசுத்தார்.

"வெளியூருங்கப்பா."

"அதான் பேச்சு இந்த இழுவை இழுக்குது."

இதோ என் இரண்டு கைகளும் வெறுமையாக இருக்கின்றன பாருங்கள் என்றது குரல். "முழங்கை வரைக்கும் காட்டச் சொல்லு கண்ணு. சட்டைக் கைய மடிக்காமயே ஏமாத்தறான்," என்றார் இவர். அவள் அப்படியே சொன்னாள். மன்னிக்க வேண்டும் ஐயா, இதோ சட்டைக் கையை மடித்துவிட்டேன் என்றது அது. "ம். சொன்னாக் கேக்கறான். தேறிருவான்," என்று காலை ஆட்டிக்கொண்டு சாய்ந்தார். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். அந்த வீட்டில் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

கையே இல்லாத அந்த மேஜிக்காரர் பேச்சிலேயே எல்லாம் செய்தார். கைக்குட்டையிலிருந்து புறா பறந்தது என்றால் இவர் தலை புறாவோடு திரும்பி ஜன்னல் வரை போகும். கயிறு ஒட்டிக்கொண்டது என்றால், "முடிச்சு எங்கயோ ஒளிச்சுட்டான்," என்பார். எனக்கு ஒரு செல்போனும் ஒரு சொம்பும்தான் தெரிந்தன. அவருக்குக் கூட்டமும் மேடையும் லைட்டும் தெரிந்தன.

மகள் ஊருக்குப் போன பிறகு நானே அதை வைக்கக் கற்றுக்கொண்டேன். முதலில் அதனோடு பேசவும் எனக்குக் கூச்சம். "ஏனுங்க, நேத்தாட்டம் மேஜிக் பண்றீங்களா?" என்று மெதுவாகக் கேட்பேன். அது ஒருநாளும் சலித்துக்கொள்ளவில்லை. இவர்தான் சலித்துக்கொள்வார். "நேத்தும் புறா, இன்னிக்கும் புறா. புறாவையே திங்கறானாட்ட இருக்குது," என்பார். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். ரோட்டுக்குப் போவது நின்றது. நான் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருப்பேன். "அக்கா, அங்கிருந்தாத் தெரியுதுங்களா? முன்னால வந்து உக்காருங்க," என்று என்னையும் கூப்பிடுவார்.

அந்த 'அக்கா'தான் எனக்குள் ஆசையைக் கிளப்பிவிட்டது. புறா தெரிகிறது, கயிறு தெரிகிறது. பெட்டி அயிட்டத்தைப் போடச் சொன்னால் நான் தெரிய மாட்டேனா? மேஜிக்காரர் பெட்டிக் கதவைத் திறக்கிற நேரத்தில் நான் எதிரில் போய் நின்றால், பழைய வழக்கத்தில் கையை நீட்டுவார். கையைப் பிடித்துவிட்டால் முகமும் நினைவு வரும். ஒரு தடவை வந்தால் போதும், மறுநாளே மறந்தாலும் சரி. வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை. மகளிடம் இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "பொட்டி அயிட்டம் பார்த்தா உங்கப்பா சந்தோஷப்படுவாரு," என்று மட்டும் சொன்னேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. "நீங்க நல்ல சேலை ஒண்ணு கட்டிக்கங்கம்மா," என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை பெய்துகொண்டிருந்தது. மகள் குரலுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். முன்வரிசை ஐயாவின் மனைவி மேடைக்கு வருவார், அவரைப் பெட்டிக்குள் வைத்து மறைத்துத் திருப்பி வரவைக்க வேண்டும் என்றாள். நான் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"இதோ, ஐயா அவர்களின் துணைவியார் மேடைக்கு வருகிறார். என்ன ஒரு நாணம் அவர் முகத்தில்," என்றது குரல். அவர் முன்னால் சாய்ந்தார். உதடு அசைந்தது. கண் ஸ்டூலுக்கு மேலே, ஆள் உயரத்தில் நின்றது. அந்த இடத்தில் அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெட்டிக்குள் நுழைகிறார். கதவைச் சாத்துகிறேன். பூட்டுகிறேன்."

"பூட்டு எதுக்கு?" என்றார் இவர்.

"ஒன்று, இரண்டு, மூன்று. அம்மையார் மறைந்துவிட்டார். காற்றோடு காற்றாகக் கரைந்துவிட்டார். பெட்டி காலி."

அவர் எழுந்து நின்றுவிட்டார். "காத்துலயும் கரையல, ஒண்ணும் கரையல. உள்ளதான் இருக்கறா. பின்னால ரெட்டைப் பலகை, அதுக்கு நடுவுல நிக்கறா. தொறங்க."

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அத்தனை வருஷம் காத்த விஷயத்தை அவர் வீதிக்குக் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். நிறுத்தவும் இல்லை.

"மழை ஈரத்துல பலகை ஊதிக்கும். கொக்கி எடுபடாது. காத்து வர்றதுக்கு வழியே இல்லீங்க. பூட்டைத் தொறங்க மொதல்ல."

அன்னூர்ப் பக்கம் ஒரு நோம்பியில் அப்படி நடந்தது உண்டு. அன்றைக்கும் மழை. ரெட்டைப் பலகைக்கு நடுவில் நின்ற எனக்கு வெளியே வருகிற நேரம் வந்தும் பலகை நகரவில்லை. கொக்கி மாட்டிக்கொண்டது. இருட்டு, புழுக்கம், மரத்தின் ஈர நாற்றம். கத்தினால் ரகசியம் போய்விடும். அதைவிட, அத்தனை பேர் காதில் விழக் கத்துவதற்கு எனக்கு வாய் வராது. வெளியே அவர் பேசிக்கொண்டே இருந்தார். ஜோக் சொன்னார், ஜனங்கள் சிரித்தார்கள். வழக்கமாகப் போடாத சில்லறை அயிட்டமெல்லாம் போட்டார். எப்படியோ கடைசியில் பலகை நகர்ந்தது. கை கொடுத்து இறக்கினார், கும்பிட்டார், ஜனங்கள் கைதட்டினார்கள். திரும்பி வரும்போது வண்டியில், "வேர்வையத் தொடை," என்றார். வேறு ஒரு வார்த்தை இல்லை. அதற்குப் பிறகு பெட்டி அயிட்டத்தையே அவர் போடவில்லை. எனக்கு உடம்பு போட்டுவிட்டது, மேடைக்கு ஆகாது என்று நினைத்துவிட்டார் என்றுதான் இருந்தேன். உள்ளே நான் செத்திருந்தாலும் இந்த மனுஷன் ஜோக் சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பார் என்று சில நாள் மனசுக்குள் திட்டியதும் உண்டு. ஒருநாளும் கேட்டதில்லை.

மகள் செல்போனிடம் போய், சீக்கிரம் வரவையுங்கள் என்றாள். "இதோ கதவு திறக்கிறது, அம்மையார் புன்னகையோடு வெளியே வருகிறார், கைதட்டுங்கள்," என்றது அது. நான் எழுந்து அவர் எதிரில் போய் நின்றேன். கையை நீட்டினேன்.

"ஏனுங்க, வந்துட்டேனுங்க," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபப்படவில்லை. "நீங்க உக்காருங்கக்கா. உங்களையில்ல. உள்ள என்ற ஊட்டுக்காரி மாட்டிக்கிட்டா," என்றார்.

"நான்தானுங்க அது."

"இல்லீங்கக்கா. சின்னப் புள்ளைங்க அவ. சத்தம் போடக்கூட மாட்டா. அதுதானுங்க எனக்குப் பயமா இருக்குது."

நீட்டின கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா பயப்படுகிறார் என்று மகள் அழுதுகொண்டே செல்போனிடம் சொன்னாள். அது மேஜிக்காரர் குரலை விட்டுவிட்டு மெதுவாகப் பேசியது. இது ஒரு கற்பனை நிகழ்ச்சி, உண்மையில் பெட்டி எதுவும் இல்லை, உங்கள் மனைவி பத்திரமாக உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறார் ஐயா என்றது. அது சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அதன்மேல் எனக்கு வருத்தமும் கிடையாது.

"பொட்டியே இல்லீங்கறான் பாரு கண்ணு," என்றார் அவர் மகளிடம். "ஆளையும் காணோம், பொட்டியவும் காணோம்."

அவள் செல்போனை அணைத்தாள். அதுவும் தப்பாகப் போயிற்று. குரல் நின்றதும், "ஓடிப் போயிட்டான். தொறக்கத் தெரியாதவன் ஓடிப் போயிட்டான்," என்று ஸ்டூலைத் தள்ளிவிட்டு வெறும் சுவரைத் தட்ட ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் கதவு உள்ள பொருள் ஒன்றையும் அவர் விடவில்லை. பீரோவைத் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். பிரிட்ஜைத் திறந்து பின்பக்கம் தடவுவார். அரிசி டிரம்மின் மூடியை எடுத்துப் பார்த்துவிட்டு நன்றாக மூடாமல் விட்டு வைப்பார், காற்றுப் போகட்டும் என்று. சோறு போட்டால் தொட மாட்டார். "உள்ள அவ பட்டினி கெடக்கறா, நானு திங்கறதா?" என்பார். மகள் ஊருக்குப் போகாமல் தங்கினாள். அவளும் பேசிப் பார்த்தாள். கல்யாணப் போட்டோவைக் கொண்டுவந்து காட்டினாள். அவர் போட்டோவில் இருந்தவளைத் தடவி, "இவளேதான். நீ பாத்தியா கண்ணு?" என்று அவளிடமே விசாரித்தார். செல்போனை மறுபடி வைக்கலாம் என்று அதைக் கையில் எடுத்தாலே, "அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்," என்று திரும்பிக்கொண்டார்.

சோறு இறங்காமல் அவர் கன்னம் ஒட்டிப் போனது. மகள் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அம்மா, இதையே உங்களாட்டப் பேசச் சொல்லட்டுமா? சின்ன வயசுப் பொண்ணு குரல்ல. நான் வந்துட்டேன்னு சொன்னா அப்பா நம்புவாரு."

"நான் உசுரோட இருக்கும்போது எனக்கு எதுக்கு கண்ணு வேஷம் போட ஆளு," என்றேன்.

ஒரு காலையில் நான் குளித்துக்கொண்டிருந்தேன். குளியலறைக் கதவை யாரோ தட்டினார்கள். மகள் தட்டுவது போல் உள்ளங்கையால் இல்லை. விரல் முட்டியால், மரத்தைத் தட்டிப் பார்ப்பது போல.

"ஏ புள்ள. உள்ள இருக்கியா?"

சோப்பு கையிலிருந்து நழுவியது. அந்த வார்த்தையை நான் கேட்டு எவ்வளவோ நாள்.

"இருக்கேனுங்க," என்றேன்.

பிறகு அவர் கதவில் சாய்ந்து தரையில் உட்காருவது கேட்டது.

"மூச்சு முட்டுதா?"

"இல்லீங்க. மேல ஜன்னல் இருக்குது. காத்து வருதுங்க."

"பயந்துட்டியா?"

"இல்லீங்க."

"நானு பயந்துட்டேன் புள்ள. கொக்கி வரமாட்டீங்குது. பின்னால கைய உட்டு இழுக்கறேன், இழுக்கறேன். ஜனமெல்லாம் பாத்துட்டு இருக்குது. வாய் மட்டும் அதுபாட்டுக்குப் பேசுது. என்ன பேசுனேன்னே தெரியல."

நான் ஈரத்தோடு கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே," என்றேன்.

"என்னான்னு சொல்றது? கொல்லப் பாத்தேன்னா சொல்றது?" என்றார். "இனி உன்னய உள்ள உட மாட்டேன். பொட்டிய ஒடைச்சுப் போடறேன். நீ வெளிய வா."

அந்தப் பெட்டியை அவர் உடைத்து எவ்வளவோ வருஷம் ஆகிறது. கரையான் ஏறிவிட்டது என்று சொல்லிக் கோடாலியால் பிளந்து வெந்நீர் அடுப்புக்குப் போட்டார். நல்ல மரம் ஆயிற்றே என்று நான்தான் அன்றைக்கு முணுமுணுத்தேன். கரையானை நான் என் கண்ணால் பார்க்கவில்லை என்பது அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றபோதுதான் நினைவுக்கு வந்தது.

"வா புள்ள," என்றார் மறுபடியும்.

சேலையைச் சுற்றிக்கொண்டு தாழ்ப்பாளில் கையை வைத்தேன். திறக்க மனசு வரவில்லை. இந்தப் பக்கம் இருக்கிறவரை நான் அவளாக இருந்தேன். அந்தப் பக்கம் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அன்றைக்கு மேடையில் கூப்பிட முடியாமல் போனதையெல்லாம் சேர்த்துவைத்துக் கூப்பிட்டது போல இருந்தது. திறந்தேன்.

அவர் தரையிலிருந்து அண்ணாந்து பார்த்தார். முகத்தில் இருந்த வெளிச்சம் போயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு மரியாதையாக எழுந்து ஒதுங்கி எனக்கு வழி விட்டார். "நீங்க போங்கக்கா," என்றார். என் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார். வாளியும் மக்கும் இருந்தன. உள்ளே போய்ப் பின்சுவரைத் தட்டிப் பார்த்தார்.

அன்று மத்தியானம் தட்டில் சோறு வைத்தேன். அவர் தொடவில்லை. நான் சமையலறைக்குள் போய்க் கதவைப் பாதி சாத்திக்கொண்டு பின்னால் நின்றேன். பேசலாமா வேண்டாமா என்று தயங்கி, "ஏனுங்க, சாப்பிடுங்க," என்றேன்.

"நீ?"

"நான் உள்ளயே சாப்பிட்டுட்டேனுங்க."

தட்டு நகர்கிற சத்தம் கேட்டது. பிசைகிற சத்தம் கேட்டது. கூடத்தில் இருந்த மகள் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

இப்போது அவள் ஊருக்குப் போய்விட்டாள். சாயங்காலத்தில் செல்போனை வைப்பதில்லை. நாற்காலியைச் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு அவர் உட்காருவார். நான் உள்ளே அரிவாள்மனையோடு உட்காருவேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து பேசாததெல்லாம் பேசுகிறார். மில்லில் யாரோடு சண்டை, எந்த ஊரில் கைதட்டல் அதிகம், என்னைப் பெண் பார்க்க வந்தபோது நான் நிமிரவே இல்லை என்பதால் முகமே பார்க்காமல் சரி சொன்னது, எல்லாம். முகம் தெரியாத இடத்தில் எனக்கும் கூச்சம் குறைவு. நானும் பேசுகிறேன். ஒருதடவை அவரைக் கிண்டல்கூடச் செய்தேன்.

"இன்னிக்கு வாய் நீளுது உனக்கு," என்று சிரித்தார்.

நடுவில் தண்ணீர் கேட்பார். எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், "மெதுவா நடங்கக்கா, உள்ள ஊட்டுக்காரி இருக்கறா," என்பார். நான் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பவும் உள்ளே போவேன்.

"எப்ப வெளிய வருவ?" என்று தினமும் கேட்கிறார்.

"வாரேனுங்க," என்று தினமும் சொல்கிறேன்.

நேற்று மாத்திரை கொடுக்க வெளியே வந்தேன். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, மாத்திரையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "அக்கா, நானு கேக்கறன்னு தப்பா நெனைக்காதீங்க. உங்க ஊட்டுக்காரரு இல்லீங்களா?" என்றார்.

"இருக்கறாருங்க," என்றேன்.

"அப்பறம் ஏனுங்க தனியாவே இருக்கறீங்க? கூப்புட்டுப் பாருங்க. நேருல வராட்டிப் போகுது. என்ற ஊட்டுக்காரிகூட வரமாட்டீங்கறா, ஆனாக் கூப்புட்டாப் பேசறா. அதே போதுமுங்க."

அவர் மாத்திரையை விழுங்கும்வரை நின்றேன். டம்ளரை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனேன். கதவைச் சாத்தினேன்.

"ஏனுங்க," என்று கூப்பிட்டேன்.

"சொல்லு புள்ள," என்றார்.